ஒற்றைக் கண்ணால் ஒரு கண்டத்தைக் கண்டவர்

கண் இரண்டு இருந்தும் காணாதவர் உலகில் பலர். ஒரு கண்ணே உடையவராய் இருந்தும், பலரும் பார்த்துவிட்டுக் கடந்துபோன ஒன்றை நின்று நோக்கியவர் ஒருவர் உண்டு. அவர்தாம் அயர்லாந்து நாடு உலகுக்கு ஈந்த அறுவை மருத்துவர் டெனிஸ் பார்சன்ஸ் பர்கிட்.

எய்ட்ஸ் நோயைக் கேள்விப்படாதவர் இன்று யாரும் இல்லை. ஆனால் அந்நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமியைத் தாயிடமிருந்து பெற்றுப் பிறக்கும் பச்சிளங் குழந்தைகளைப் புற்றுநோயும் பற்றிக்கொள்கிறது என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. அக்குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களுள் முதன்மையான ஒன்று பர்கிட்டின் பெயரையே தாங்கி நிற்கிறது. எச்.ஐ.வி. என்ற சொல்லே பிறவாத காலத்தில் அந்நோயைக் கண்டு சொன்னவர் அவர். அவர் வாழ்ந்த வாழ்க்கையை அறிந்தால், இன்று அக்குழந்தைகள் எவ்வாறு பிழைக்கிறார்கள் என்பதையும், பலர் ஏன் இன்னும் பிழைக்கவில்லை என்பதையும் நாம் அறியலாம்.

பிறப்பும் இளமையும்

அயர்லாந்துத் தீவின் வடபால் பெர்மானா என்று ஒரு மாவட்டம் உண்டு. ஏரிகள் நிறைந்த அம்மாவட்டத்தின் தலைநகராகிய என்னிஸ்கில்லனில் 1911-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாள் டெனிஸ் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் பார்சன்ஸ் பர்கிட் அம்மாவட்டத்தின் பொறியாளர். சாலைகளையும் பாலங்களையும் கண்காணிப்பது அவர் தொழில். பறவைகளை ஆராய்வது அவர் பொழுதுபோக்கு. ராபின் என்னும் சிறு பறவைகளைப் பிடித்து, அவற்றின் கால்களில் உலோக வளையங்களை மாட்டிப் பறக்கவிடுவார். எந்தப் பறவை எந்த எல்லைக்குள் வாழ்கிறது என்று நாள்தோறும் கவனித்து, அவ்வெல்லைகளைப் படமாக வரைந்து வைப்பார். பறவையியல் அறிஞர்கள் அவரை ஒரு முன்னோடி என்று இன்றும் மதிக்கின்றனர். தந்தை பறவைகளுக்கு வரைந்தது போன்ற படத்தை மகன் பின்னாளில் ஒரு நோய்க்கு வரைந்தார்!

டெனிசுக்குப் பதினொரு வயது நடந்தபோது ஒரு பெருந்துன்பம் நேர்ந்தது. சிறுவர்கள் கல்லெறிந்து விளையாடிக்கொண்டிருக்கையில் ஒரு கல் அவருடைய மூக்குக்கண்ணாடியைத் தாக்கியது. உடைந்த கண்ணாடித் துண்டு வலக் கண்ணில் பாய்ந்தது. அக்கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. அது முதல் வாழ்நாள் முழுவதும் இடக் கண் ஒன்றே அவருக்குத் துணையாயிற்று.

பள்ளிப் படிப்பில் அவர் சிறந்து விளங்கியவர் அல்லர். தந்தையின் வழியைப் பின்பற்றி டப்ளின் நகரிலுள்ள டிரினிடி கல்லூரியில் பொறியியல் பயிலச் சேர்ந்தார். அங்கே இறைப்பற்று மிக்க மாணவர்களின் கூட்டுறவு அவர் உள்ளத்தை மாற்றியது. பிறர் துயர் துடைக்கும் தொழிலே தமக்கு உரியது என்று துணிந்து, பொறியியலை விட்டு மருத்துவத்துக்கு மாறினார். 1935-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1938-இல் எடின்பரோவில் அறுவை மருத்துவர் தேர்விலும் வெற்றி கண்டார். ஆழத்தை அளந்தறிய இரு கண்களும் வேண்டும் என்பார்கள். ஒற்றைக் கண்ணோடு கத்தி பிடிக்கக் கற்றுக்கொண்டவர் எத்தகைய உறுதி படைத்தவராக இருந்திருக்க வேண்டும்!

ஆப்பிரிக்காவில் பணியாற்ற விரும்பிக் காலனி மருத்துவத் துறைக்கு அவர் விண்ணப்பித்தார். ஒரு கண் இல்லாதவர் என்று முதலில் மறுத்துவிட்டனர். அவர் மனம் தளரவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது இராணுவ மருத்துவப் படையில் சேர்ந்து கென்யா, சோமாலிலாந்து ஆகிய இடங்களில் பணிபுரிந்தார். அப்போதுதான் ஆப்பிரிக்க மண் அவரை ஈர்த்தது. 1943-இல் ஆலிவ் என்னும் மங்கையை மணந்தார். அவர்களுக்குப் பெண்மக்கள் மூவர். போர் முடிந்த பின் 1946-இல், முன்பு மறுத்த அதே காலனித் துறை அவரை உகாண்டாவுக்கு அனுப்பியது.

உகாண்டாவில்

உகாண்டாவின் வட பகுதியிலுள்ள லீரா என்னும் ஊரில் அவர் பணி தொடங்கிற்று. சிறிய மருத்துவமனை, பெரிய மாவட்டம். பிள்ளைப்பேறு முதல் எலும்பு முறிவு வரை எல்லாவற்றுக்கும் அவர் ஒருவரே பொறுப்பு. அந்த ஓயாத வேலைக்கிடையிலும் ஒரு செய்தி அவர் கருத்தைக் கவர்ந்தது. ஓதம் எனப்படும் விரைவீக்க நோய் அம்மாவட்டத்தின் ஒரு பகுதியில் மிகுதியாகவும், மறு பகுதியில் அரிதாகவும் இருந்தது. ஒரே மாவட்டம், ஒரே வெயில். அப்படியிருக்க, இந்த வேற்றுமை ஏன்? நோயாளி யார் என்று கேட்பதோடு நில்லாமல், நோயாளி எந்த ஊர் என்றும் கேட்க வேண்டும் என்ற பாடத்தை அவர் அங்கே கற்றார்.

1948-இல் தலைநகர் காம்பாலாவிலுள்ள மூலாகோ மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய சிறுவர்களையும், விபத்தில் கால் இழந்த ஏழைகளையும் கண்டு மனம் வருந்தி, மலிவான செயற்கைக் கால்கள் செய்யும் பட்டறை ஒன்றை ஏற்படுத்தினார். அவர் பேர் சொல்ல அந்தத் தொண்டு ஒன்றே போதும். ஆனால் அவரை உலகம் அறியச் செய்யும் நாள் வேறு வடிவில் வந்தது.

ஒரு குழந்தையின் முகம்

1957-ஆம் ஆண்டு. மூலாகோவில் குழந்தைகள் நலம் பார்த்த மருத்துவர் ஹியூ டிரோவெல் தம் பிரிவிலிருந்த ஒரு சிறுவனைக் காணுமாறு பர்கிட்டை அழைத்தார். ஐந்து வயதுச் சிறுவன். அவன் முகம் காண்போர் நெஞ்சை உலுக்கும் வகையில் வீங்கியிருந்தது. மேல்தாடையில் இரு புறமும், கீழ்த்தாடையில் இரு புறமும் கட்டிகள்; பற்கள் ஆடின. சீழ்க்கட்டி என்றால் ஓரிடத்தில் வரும். புற்றுக்கட்டி என்றாலும் ஓரிடத்தில் தொடங்கிப் பரவும். ஒரே நேரத்தில் தாடையின் நான்கு பாகங்களிலும் கட்டி தோன்றுமா? பர்கிட்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை. படம் எடுத்து வைத்துக்கொண்டார்.

சில வாரங்கள் கழித்து, விக்டோரியா ஏரிக்கரையிலுள்ள ஜின்ஜா நகர மருத்துவமனைக்குச் சென்றிருந்தார். பேச்சினிடையே தற்செயலாகச் சன்னல் வழியே வெளியே நோக்கினார். புல்தரையில் ஒரு தாய் தன் குழந்தையோடு அமர்ந்திருந்தாள். அக்குழந்தையின் முகத்திலும் அதே வீக்கம்! விரைந்து சென்று பார்த்தார். தாடையில் மட்டுமன்றி வயிற்றிலும் கட்டிகள் இருந்தன.

ஒன்றைக் கண்டால் அது விந்தை. இரண்டைக் கண்டால் அது வினா. அன்றே அவர் தேடத் தொடங்கினார். மருத்துவமனையின் பழைய ஏடுகளைப் புரட்டினார். அங்கே அந்நோய் எங்கும் இருந்தது. ஆனால் வெவ்வேறு பெயர்களில் ஒளிந்திருந்தது. தாடையில் வந்தால் ஒரு பெயர். சிறுநீரகத்தில் வந்தால் ஒரு பெயர். கண் பிதுங்கினால் வேறொரு பெயர். அரை நூற்றாண்டுக்கு முன்னரே உகாண்டாவுக்கு வந்த மருத்துவர் ஆல்பர்ட் குக் தம் குறிப்பேட்டில் இத்தகைய தாடைக் கட்டியை வரைந்து வைத்திருந்தார். எல்லோரும் கண்டனர், யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. இவை யாவும் ஒரே நோயின் பல முகங்கள் என்று பர்கிட் துணிந்தார். 1958-இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் அவர் கட்டுரை வெளிவந்தது. அதை அன்று பெரிதாகப் போற்றியவர் இல்லை. பின்னர் உடற்கூறுகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்த மருத்துவர் கிரெக் ஓகானர், இது நிணநீர் உயிரணுக்களில் தோன்றும் புற்றுநோய் என்று தெளிவுபடுத்தினார். பர்கிட் லிம்போமா என்று அது பின்னாளில் பெயர் பெற்றது.

மனிதரைத் தாக்கும் புற்றுநோய்களுள் இத்துணை விரைவாக வளர்வது வேறொன்று இல்லை எனலாம். இதன் உயிரணுக்கள் ஏறத்தாழ ஒரு நாளில் இரு மடங்காகப் பெருகும் இயல்புடையவை. அக்காலத்தில் இந்நோய் கண்ட குழந்தைகள் சில மாதங்களுக்குள் மாண்டனர்.

படமும் பயணமும்

இந்நோய் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை? பர்கிட் கேட்ட வினா இதுதான். படங்கள் அச்சிட்ட துண்டறிக்கைகளை ஆப்பிரிக்காவின் அரசு மருத்துவமனைகளுக்கும் சமயத் தொண்டு மருத்துவமனைகளுக்கும் அஞ்சலில் அனுப்பி, இத்தகைய குழந்தைகளைக் கண்டதுண்டா என்று வினவினார். வந்த விடைகளைக் கொண்டு சுவரில் தொங்கிய ஆப்பிரிக்கப் படத்தில் குண்டூசிகளைக் குத்தினார். குத்தக் குத்த, நிலநடுக்கோட்டின் இரு மருங்கும் கண்டத்தின் குறுக்கே ஒரு பட்டை தோன்றியது. கிழக்குக் கடற்கரை ஓரமாக அதிலிருந்து ஒரு வால் தெற்கே இறங்கியது.

அந்த வால் எங்கே முடிகிறது என்று நேரில் காண விரும்பினார். 1961-ஆம் ஆண்டு அக்டோபரில், மருத்துவர் டெட் வில்லியம்ஸ், மருத்துவர் கிளிஃபோர்ட் நெல்சன் ஆகிய இரு நண்பர்களுடன் ஒரு பழைய ஃபோர்டு வண்டியில் புறப்பட்டார். வில்லியம்ஸ் வண்டி பழுதுபார்ப்பதிலும் வல்லவர் என்பது அவர்கள் செய்த புண்ணியம்! பத்து வாரங்களில் பத்தாயிரம் மைல். உகாண்டாவிலிருந்து தென்னாப்பிரிக்கா வரை சென்று, கிறிஸ்துமஸுக்கு முன் திரும்பினர். வழியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில் இறங்கி, படங்களைக் காட்டி, விடைகளைக் குறித்துக்கொண்டனர். இத்தனைக்கும் ஆன மொத்தச் செலவு எழுநூறு பவுனுக்கும் குறைவு. கோடிகளைக் கொட்டிக் கட்டும் ஆய்வுக்கூடங்கள் காணாததை ஒரு பழைய வண்டி கண்டது.

என்ன கண்டனர்? உயர்ந்த மலைப்பகுதிகளில் அந்நோய் இல்லை. நிலநடுக்கோட்டுக்கு அருகே கடல் மட்டத்திலிருந்து ஐயாயிரம் அடிக்கு மேல் அதைக் காண்பது அரிது. தெற்கே செல்லச் செல்ல அந்த எல்லையின் உயரமும் தாழ்ந்துகொண்டே வந்தது. உண்மையில் தடுத்தது உயரம் அன்று, குளிர். வெப்பமும் மழையும் ஒருங்கே உள்ள இடமே அந்நோய்க்கு உரிய இடம். வெப்பமும் மழையும் உள்ள இடத்தில் வேறென்ன இருக்கும்? கொசு இருக்கும், கொசு இருந்தால் மலேரியா இருக்கும். ஜான்சிபார் தீவு அந்தப் பட்டைக்குள்ளேயே கிடந்தும் அங்கே இந்நோய் தோன்றவில்லை. ஏனெனில் அங்கே மலேரியா கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. ஓயாமல் மலேரியாவுக்கு ஆளாகும் குழந்தையின் நோய் எதிர்ப்பு ஆற்றல் குலைகிறது. அந்தக் குலைவே புற்றுக்கு வழி திறக்கிறது என்ற கருத்து மெல்ல மெல்ல உருவாயிற்று.

இலண்டனில் கண்ட கிருமி

அதே 1961-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் நாள், விடுமுறைக்குத் தாய்நாடு சென்றிருந்த பர்கிட் இலண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் சொற்பொழிவாற்றினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களுள் ஆன்டனி எப்ஸ்டீன் என்னும் இளம் ஆய்வாளர் ஒருவர். மழையையும் வெப்பத்தையும் சார்ந்து ஒரு புற்றுநோய் வருமானால், அதன் பின்னணியில் ஒரு கிருமி இருக்க வேண்டும் என்று அவர் உள்ளத்தில் மின்னல் வெட்டியது. சொற்பொழிவு முடிந்ததும் பர்கிட்டைச் சந்தித்துப் பேசினார். அன்று முதல் காம்பாலாவில் எடுக்கப்பட்ட கட்டித் துண்டுகள் விமானத்தில் இலண்டனுக்குப் பறந்தன.

ஈராண்டுக்கு மேலாக ஒன்றும் கிட்டவில்லை. 1963-ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு நாள் இலண்டனில் கடும் மூடுபனி. கட்டித் துண்டைக் கொண்டுவந்த விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பிவிடப்பட்டது. தாமதமாக வந்து சேர்ந்த குப்பியில் நீர் கலங்கியிருந்தது. கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாமல் எப்ஸ்டீன் நுண்ணோக்கியில் நோக்கினார். பயணத்தின் குலுக்கலில் கட்டியிலிருந்து பிரிந்த உயிரணுக்கள் தனித்தனியே மிதந்துகொண்டிருந்தன. அவற்றை வளர்த்தபோது அவை செழித்துப் பெருகின. 1964-இல் எப்ஸ்டீன், பெர்ட் அச்சாங், இவான் பார் ஆகிய மூவரும் அவ்வுயிரணுக்களுக்குள் ஒரு புதிய வைரசைக் கண்டதாக அறிவித்தனர். எப்ஸ்டீன்-பார் வைரஸ் என்று அதற்குப் பெயர். மனிதப் புற்றுநோயோடு தொடர்புடையதாக முதன்முதல் கண்டறியப்பட்ட வைரஸ் அதுவே.

வியப்பு யாதெனில், உலகில் வளர்ந்த மக்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அந்த வைரசைத் தம் உடலில் சுமந்துகொண்டே வாழ்கின்றனர். நம்மிடத்தும் அது இருக்கக்கூடும். காவல் வலுவாக இருக்கும் வரை அது உறங்கும். காவல் தளர்ந்தால் விழிக்கும். பர்கிட்டின் வாழ்க்கையில் நாம் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய உண்மை இது.

மருந்து

இந்நோயைக் கத்தியால் வெல்ல முடியவில்லை. கதிர்வீச்சுக் கருவியோ அன்று உகாண்டாவில் இல்லை. எஞ்சியது மருந்து ஒன்றே. மெதோட்ரெக்சேட், சைக்ளோபாஸ்பமைடு, வின்கிரிஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்துகள் அப்போதுதான் வழக்கிற்கு வந்துகொண்டிருந்தன. அமெரிக்க மருத்துவர் ஜோசப் பர்ச்சினால் முதலியோர் உதவினர். பெருமளவு மருந்தைத் தாங்கவைக்கும் வசதி இல்லாமையால் பர்கிட் சிறு அளவுகளையே கொடுத்தார். விளைவோ வியப்பூட்டியது! முகத்தை மறைத்த கட்டிகள் சில நாள்களில் உருகி மறைந்தன. சில குழந்தைகள் நிலையாகவே குணமடைந்து பள்ளிக்குச் சென்றனர். மருந்தால் மட்டுமே புற்றுநோயைப் போக்க இயலும் என்று மருத்துவ உலகம் நம்பத் தொடங்கியதற்கு இக்குழந்தைகளும் ஒரு காரணம்.

1966-இல் பர்கிட் உகாண்டாவை விட்டு இங்கிலாந்து திரும்பினார். அவர் விட்ட இடத்தில் பணி நிற்கவில்லை. 1967-இல் மூலாகோ வளாகத்தில் லிம்போமா சிகிச்சை நிலையம் திறக்கப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த இளம் மருத்துவர் ஜான் சீக்லர் அதன் தலைமையை ஏற்றார். உகாண்டாவின் அறுவை மருத்துவர் செபாஸ்டியன் கியால்வாசி துணைநின்றார். அந்நிலையமே வளர்ந்து உகாண்டா புற்றுநோய் நிலையமாயிற்று. இடி அமீனின் கொடுங்கோலாட்சியில் அயல்நாட்டு மருத்துவர்கள் வெளியேறிய பின்னரும், சார்லஸ் ஒல்வெனி என்னும் உகாண்டா மருத்துவர் அதன் கதவு சாத்தப்படாமல் காத்தார்.

1972-இல் பர்கிட்டுக்கு இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் பதவி கிடைத்தது. அதே ஆண்டில் லாஸ்கர் பரிசு பெற்ற மருத்துவர் குழுவில் பர்கிட், பர்ச்சினால், சீக்லர் ஆகியோர் இடம்பெற்றனர். இதற்கிடையே பர்கிட் இன்னொரு வினாவைக் கையில் எடுத்திருந்தார். மேனாட்டாரை வாட்டும் குடல்நோய்கள் பலவும் ஆப்பிரிக்கச் சிற்றூர்களில் அரிதாக இருப்பது ஏன்? தவிடு நீக்காத தானியமும், நார் மிகுந்த உணவுமே காரணம் என்று உலகெங்கும் சென்று பேசினார். 1979-இல் அது பற்றி அவர் எழுதிய நூல் பல மொழிகளில் பரவியது. புற்றுக்கட்டியைக் கண்டவர் என்பதைவிட நார்ச்சத்து மருத்துவர் என்றே பொதுமக்கள் அவரை அறிந்தனர்.

புதிய கொடுமை

1981-இல் அமெரிக்காவில் ஒரு புது நோய் தலைகாட்டியது. உடலின் காவலையே அழிக்கும் நோய். எய்ட்ஸ் என்று அதற்குப் பெயரிட்டனர். 1982-இல் சான்பிரான்சிஸ்கோ நகரில் அந்நோயால் காவல் இழந்த இளைஞர்கள் சிலரிடம் விரைந்து வளரும் நிணநீர்ப் புற்றுநோய் தோன்றியது. அது பர்கிட் லிம்போமாவைப் போன்றது என்று உலகுக்கு அறிவித்தவர் யார் தெரியுமா? காம்பாலாவில் குழந்தைகளுக்கு மருந்தளித்த அதே ஜான் சீக்லர்! ஆப்பிரிக்கச் சிறாரின் கட்டிகளைக் கண்டு பழகிய கண்கள், பதினாயிரம் மைலுக்கு அப்பாலும் அதை அடையாளம் கண்டுகொண்டன.

அதே பத்தாண்டில் எய்ட்ஸ் நோய் உகாண்டாவைச் சூறையாடியது. கருவிலும், பிறப்பின்போதும், தாய்ப்பாலிலும் எச்.ஐ.வி. கிருமி குழந்தைகளை அடைந்தது. பர்கிட் கண்ட தாடைக் கட்டிகளோடு மற்றொரு புற்றுநோயும் குழந்தைகள் பிரிவில் பெருகத் தொடங்கியது. கபோசி சார்கோமா என்பது அதன் பெயர். உகாண்டாவில் முன்னரும் அது உண்டு. ஆயினும் பெரும்பாலும் வயது வந்த ஆண்களுக்கே வரும். இப்போது பால்குடி மறந்த சிறு பிள்ளைகளுக்கும் வந்தது. எச்.ஐ.வி. கிருமி உள்ள குழந்தைகளைக் கபோசி சார்கோமா, மற்றக் குழந்தைகளைவிடப் பல பத்து மடங்கு மிகுதியாகத் தாக்குவதையும், பர்கிட் லிம்போமாவும் சில மடங்கு கூடுவதையும் காம்பாலாவில் நடந்த ஆய்வுகளே எடுத்துக்காட்டின.

காரணம் பழைய காரணமே. அன்று மலேரியா காவலைத் தளர்த்தியது, இன்று எச்.ஐ.வி. காவலனையே கொல்கிறது. காவல் இழந்த உடலில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் கட்டறுத்து ஓடுகிறது. பெருகும் உயிரணுக்களில் ஒரு குரோமோசோம் உடைந்து தவறான இடத்தில் ஒட்டிக்கொண்டால், வளர்ச்சியை ஏவும் மரபணு அடங்க மறுக்கிறது, புற்று பிறக்கிறது. கபோசி சார்கோமாவுக்கும் ஒரு வைரசே காரணம் என்பது 1994-இல் கண்டறியப்பட்டது.

பர்கிட் அதைக் காண இருந்திலர். 1993-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் தம் எண்பத்திரண்டாம் வயதில் இங்கிலாந்தில் மறைந்தார். அவர் கண்டு சொன்ன நோயோ அப்போது இரட்டிப்பு வலிமையோடு குழந்தைகளை வாட்டிக்கொண்டிருந்தது.

மூலாகோவின் விடை

ஆனால் கதை துயரத்தோடு முடியவில்லை. பர்கிட் அந்த ஐந்து வயதுச் சிறுவனின் முகத்தைக் கண்ட அதே மூலாகோ மருத்துவமனையில், 1999-இல் ஓர் ஆய்வின் முடிவு வெளியாயிற்று. பிள்ளைப்பேற்று நேரத்தில் தாய்க்கு நெவிரபின் என்னும் ஒரே ஒரு மாத்திரை; பிறந்த குழந்தைக்கு ஒரே ஒரு முறை சில துளி மருந்து. ஒப்பிட்ட மற்றொரு மருந்து முறையைக் காட்டிலும், கிருமி தொற்றிய குழந்தைகளின் எண்ணிக்கை இதனால் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இன்றோ அதனினும் சிறந்த முறைகள் வந்துவிட்டன. மருந்தே இல்லாவிடில், கிருமியுள்ள தாய்மார் நூற்றுவர்க்குப் பிறக்கும் குழந்தைகளுள் பதினைந்து முதல் நாற்பத்தைந்து பேரைக் கிருமி பற்றும். தாய் தவறாமல் மருந்து உண்டால் அது ஐந்துக்கும் கீழே இறங்கும். கிருமி பற்றாத குழந்தைக்கு அக்கிருமியால் வரும் புற்றும் இல்லை அன்றோ?

கிருமியோடு பிறந்துவிட்ட குழந்தைக்கும் வழி உண்டு. பிறந்த சில வாரங்களிலேயே சோதித்து மருந்தைத் தொடங்கினால், அக்குழந்தை இறக்கும் வாய்ப்பு நான்கில் மூன்று பங்கு குறைகிறது என்பதை 2008-இல் வெளிவந்த தென்னாப்பிரிக்க ஆய்வு மெய்ப்பித்தது. காவல் திரும்பினால் கபோசி சார்கோமா தோன்றுவதும் அரிதாகிறது. புற்று வந்துவிட்டாலும், எச்.ஐ.வி. மருந்தையும் புற்றுநோய் மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பல குழந்தைகளைக் காக்க முடிகிறது.

அப்படியிருந்தும் குழந்தைகள் இன்னும் மாள்கிறார்களே, ஏன்? நோய் தாமதமாகவே கண்டறியப்படுகிறது. குழந்தைகளுக்கு வரும் கபோசி சார்கோமா தோலில் படையாகத் தோன்றாமல், பல வேளைகளில் கழுத்துக் கழலைகளாக மட்டும் வீங்கும். காசநோய் என்று எண்ணிப் பல மாதம் மருந்து கொடுப்பர். தாடை வீங்கினால் பல்நோய் என்பர். ஒரு நாளில் இரட்டிக்கும் கட்டிக்கு ஒரு மாதத் தாமதம் என்ன பொருள் என்று எண்ணிப் பாருங்கள்! தொலைவிலுள்ள சிற்றூரிலிருந்து தலைநகர் வரப் பேருந்துக் கட்டணம் இல்லாத தாய் வேறு என்ன செய்வாள்? 2023-ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் 15 வயதுக்குட்பட்ட சிறார் ஏறத்தாழ 14 இலட்சம் பேர் எச்.ஐ.வி. கிருமியோடு வாழ்ந்தனர். பெரியவர்களுள் நூற்றுக்கு 77 பேர் மருந்து பெற்ற அவ்வாண்டில், சிறார்களுள் 57 பேரே பெற்றனர். அவ்வோராண்டில் மட்டும் புதிதாகக் கிருமி தொற்றிய குழந்தைகள் 1,20,000 பேர். வாய் திறந்து கேட்க அறியாதவர்களுக்குத்தான் கடைசியில் பங்கு கிடைக்கிறது!

நாம் கற்க வேண்டுவது

பர்கிட் பேரறிஞர் அல்லர் என்று அவரே எண்ணினார். தாம் கண்டதைப் பிறர் ஆராய்ந்து விளக்கினர் என்பதையும் அவர் மறைத்ததில்லை. அவரிடம் மின்னணு நுண்ணோக்கி இல்லை. பெரிய ஆய்வுக்கூடமும் இல்லை. இருந்தவை மூன்று: ஒரு கண், ஒரு நிலப்படம், ஒரு வினா. இந்தக் குழந்தைக்கு என்ன என்று எல்லோரும் கேட்டனர். இதைப் போன்ற வேறு குழந்தைகள் எங்கே இருக்கிறார்கள் என்று அவர் கேட்டார். அவ்வினாவின் பயனாகவே ஒரு நோய் தன் பெயரைப் பெற்றது. ஒரு வைரஸ் வெளிப்பட்டது. ஒரு நிலையம் எழுந்தது. பின்னாளில் வந்த புதுக் கொடுமைக்கு அந்நிலையம் முன்னரே ஆயத்தமாய் இருந்தது.

மாணவ நண்பர்களே! நம்முள் மருத்துவராகப் போகிறவர் மிகச் சிலரே. ஆனால் ஆசிரியராகவும், அலுவலராகவும், ஊர் மன்றத்து உறுப்பினராகவும் ஆகப் போகிறவர் பலர். ஒரு நாள் நம் சன்னலுக்கு வெளியேயும் ஒரு தாய் தன் குழந்தையோடு அமர்ந்திருப்பாள். கிருமியோடு பிறந்த குழந்தையாக இருந்தால் நாலு பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். தொட்டால் ஒட்டும் என்று அறியாமையால் அஞ்சுவார்கள். அக்குழந்தை செய்த பிழை எதுவும் இல்லை. அதற்கு வேண்டியது இரக்கம் மட்டும் அன்று. உரிய நேரத்தில் ஒரு சோதனை, நாள்தோறும் மருந்து, கழலை கண்ட அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஒரு துணை.

ஜின்ஜா மருத்துவமனையில் பர்கிட் அன்று சன்னல் வழியே நோக்காதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அக்குழந்தையும் எண்ணற்ற குழந்தைகளைப் போலப் பெயரில்லாத நோயால் மறைந்திருக்கும். அவர் நோக்கினார், எழுந்து வெளியே சென்றார். அந்த ஒரு செயலே அவர் வாழ்க்கை. நாமும் நோக்குவோம், நோக்கியபின் எழுவோம்.